எட்டா, ஒன்பதா? கோள்களை எண்ணிய கதை

சுதந்திர தினத்தன்று கிளப் ஹவுஸில் நடந்த குழந்தைகள் வினாடி வினாவுக்கு வந்திருந்தவர்களுக்கு இது நினைவிருக்கும். அன்று கேள்வி கேட்டவன் நான்தான். கடைசிச் சுற்றில், "சூரியக் குடும்பத்தில் மொத்தம் எத்தனை கோள்கள்?" என்று கேட்டேன். ஆறாம் வகுப்பு படிக்கும் ஒரு சிறுமி சட்டென்று கை தூக்கி, "எட்டு" என்றாள். என் கையிலிருந்த தாளில் "ஒன்பது" என்று இருந்தது. "தவறு" என்று சொல்லி, கேள்வியை அடுத்த அணிக்குத் தள்ளினேன். அவர்கள் "ஒன்பது" என்றார்கள். ஒரே ஒரு மதிப்பெண் வித்தியாசத்தில் பரிசு அவர்களுக்குப் போய்விட்டது.

எல்லோரும் டீ குடிக்கப் போன பிறகு அந்தச் சிறுமி என்னிடம் வந்து, "எங்க புக்ல எட்டுன்னுதான் இருக்கு தாத்தா" என்றாள். பக்கத்திலிருந்த அவள் அப்பா, "நான் படிக்கும்போது ஒன்பதுதான் சார், புளூட்டோவும் உண்டு" என்றார். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த மூத்த பெண்மணி ஒருவர், "நவக்கிரகம் ஒன்பதுதானே, இதில் என்ன சந்தேகம்?" என்று சிரித்தார்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் தவறு என்னுடையதுதான். என் மகன் பள்ளியில் படித்த காலத்தில் வாங்கிய பொது அறிவுப் புத்தகம் ஒன்றிலிருந்து அந்தக் கேள்விகளை எடுத்திருந்தேன். அந்தச் சிறுமியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். இந்த இதழில் ஒரு வரித் திருத்தம் போட்டால் போதும் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் தேடிப் படிக்கப் படிக்க, இந்த எண்ணிக்கை ஒருமுறை மட்டும் மாறியதல்ல என்று தெரிந்தது. ஏழு, ஆறு, மறுபடி ஏழு, பதினொன்று, எட்டு, ஒன்பது, மறுபடி எட்டு என்று ஏறி இறங்கியிருக்கிறது. அந்தக் கதையைத்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன். வீட்டில் பள்ளிப் பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள்.

கண்ணுக்குத் தெரிந்த ஏழு

டெலஸ்கோப் இல்லாத காலத்து மனிதர்கள் இரவு வானத்தைப் பார்த்து ஒன்றைக் கவனித்தார்கள். ஆயிரக்கணக்கான நட்சத்திரங்கள் ஒன்றுக்கொன்று இடம் மாறாமல் அப்படியே கூட்டமாக நகர்கின்றன. ஆனால் சில ஒளிப்புள்ளிகள் மட்டும் அந்தக் கூட்டத்துக்குள் இடம் மாறிக்கொண்டே இருக்கின்றன. கிரேக்கர்கள் இவற்றை "அலைபவை" என்று அழைத்தார்கள். ஆங்கிலத்தின் "பிளானட்" அந்தச் சொல்லிலிருந்து வந்ததுதான்.

அப்படி அலைபவை ஏழு: சூரியன், சந்திரன், செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, சனி. இந்த வரிசை எங்கோ கேட்டதுபோல இருக்கிறதா? ஞாயிறு, திங்கள் என்று நாம் சொல்லும் வாரத்தின் கிழமைகள்தான் அவை. ஐரோப்பாவிலும் கிழமைகளுக்கு இதே ஏழின் பெயர்கள்தான் அடிப்படை.

நம் நவக்கிரகத்தில் இந்த ஏழோடு ராகுவும் கேதுவும் சேரும். வானவியல் கணக்கில் இவை இரண்டும் பொருள்கள் அல்ல, புள்ளிகள். வானத்தில் சூரியன் செல்வதாகத் தெரியும் பாதையை, சந்திரனின் பாதை இரண்டு இடங்களில் வெட்டுகிறது. அந்த இரண்டு வெட்டுப் புள்ளிகளே ராகு, கேது. சூரியனும் சந்திரனும் அந்தப் புள்ளிகளின் அருகே வரும் அமாவாசை, பௌர்ணமிகளில்தான் கிரகணம் நிகழும். கிரகணத்தைக் கணக்கிட இந்த இரண்டு புள்ளிகளும் அவசியம். எனவே நவக்கிரகத்தின் ஒன்பதும், என் பழைய புத்தகத்தின் ஒன்பதும் வேறு வேறு. எண் ஒன்றாக இருப்பது தற்செயல்.

பழைய கணக்கைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். குருப்பெயர்ச்சி ஏறத்தாழ ஆண்டுக்கு ஒருமுறை வருகிறது, ராசிகள் 12. ஆக, வியாழன் ஒரு சுற்று வர சுமார் 12 ஆண்டுகள். கும்பகோணத்தில் மகாமகம் 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை வருவதும் வியாழனின் இந்தச் சுற்றை வைத்துத்தான். சனிப்பெயர்ச்சி சுமார் இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறை. பன்னிரண்டால் பெருக்கினால் 30 ஆண்டுகள். இன்றைய அளவீட்டில் சனி சூரியனைச் சுற்ற எடுப்பது சுமார் 29.5 ஆண்டுகள். வெறுங்கண்ணால் பல தலைமுறைகள் பார்த்துக் குறித்து வைத்த கணக்கு இது.

பூமியும் ஒரு கோள்

1543-ல் போலந்தைச் சேர்ந்த கோபர்நிகஸின் நூல் வெளிவந்தது. அதே ஆண்டில் அவர் இறந்தும்போனார். பூமி நடுவில் இல்லை, சூரியனே நடுவில் இருக்கிறது, பூமியும் மற்றவற்றைப்போலச் சூரியனைச் சுற்றுகிறது என்பது அவர் வாதம். இதனால் பட்டியல் தலைகீழானது. சூரியன் கோள் அல்ல. சந்திரன் பூமியைச் சுற்றுவதால் அதுவும் கோள் அல்ல. ஆனால் நம் காலடியில் இருக்கும் பூமி கோளாகிவிட்டது. ஏழு, ஆறாயிற்று.

1610 ஜனவரியில் கலிலியோ தன் டெலஸ்கோப்பில் வியாழனைச் சுற்றும் நான்கு நிலவுகளைப் பார்த்தார். எல்லாம் பூமியைத்தான் சுற்றுகிறது என்ற நம்பிக்கைக்கு அது பெரிய அடி. இருந்தாலும் புதிய எண்ணிக்கை எல்லோர் மனதிலும் பதிய மேலும் பல பத்தாண்டுகள் ஆயின. தலைமுறை தலைமுறையாக அசையாமல் நின்ற தரை அசைகிறது என்றால் யார்தான் உடனே ஒப்புக்கொள்வார்கள்?

தோட்டத்தில் கிடைத்த கோள்

அடுத்த மாற்றம் 1781 மார்ச் 13 இரவு வந்தது. இங்கிலாந்தின் பாத் நகரில் வில்லியம் ஹெர்ஷல் என்ற இசைக்கலைஞர், தானே தேய்த்து உருவாக்கிய கண்ணாடி கொண்ட டெலஸ்கோப்போடு தன் வீட்டுத் தோட்டத்தில் நின்றிருந்தார். நட்சத்திரங்களுக்கு நடுவே ஒன்று மட்டும் புள்ளியாக இல்லாமல் சிறு வட்டமாகத் தெரிந்தது. வால்மீன் என்றே அவர் நினைத்தார். பாதையைக் கணக்கிட்டவர்கள்தான் இது ஏறத்தாழ வட்டப்பாதையில் போகும் ஒரு கோள் என்று கண்டார்கள். அதுதான் யுரேனஸ். சூரியனிலிருந்து சனி இருக்கும் தொலைவைப்போல அது இரண்டு மடங்கு தூரத்தில் இருந்தது. அதாவது, சூரியக் குடும்பத்தின் அகலம் இரட்டிப்பாகிவிட்டது.

இதில் ஒரு வேடிக்கை. நல்ல இருட்டில் யுரேனஸ் வெறுங்கண்ணுக்கே மங்கலாகத் தெரியும். 1690-லேயே ஃபிளாம்ஸ்டீட் என்ற வானியலாளர் அதைப் பார்த்து, நட்சத்திரம் என்று பட்டியலில் எழுதி வைத்திருந்தார்! யுரேனஸ் ஒருமுறை சூரியனைச் சுற்ற 84 ஆண்டுகள் ஆகும். ஹெர்ஷல் வாழ்ந்தது 83 ஆண்டுகள்.

கோள்கள் மீண்டும் ஏழு.

ஒரு காலத்தில் பதினொன்று

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி அளவுக்கு மீறிப் பெரிதாக இருப்பது அன்றைய வானியலாளர்களை உறுத்திக்கொண்டிருந்தது. 1801 ஜனவரி 1 அன்று, சிசிலித் தீவின் பலெர்மோவில் பியாட்ஸி என்பவர் அந்த இடைவெளியில் ஒன்றைக் கண்டார். சீரிஸ் என்று பெயர் வைத்தார். சில வாரங்களில் அது சூரிய ஒளியில் மறைந்துவிட்டது. மறுபடி எங்கே தேடுவது? 24 வயது கணித மேதை காஸ், கையிலிருந்த சில அளவீடுகளை வைத்து அது வரப்போகும் இடத்தைக் கணக்கிட்டார். அந்த ஆண்டின் கடைசி நாளில் அது மீண்டும் கிடைத்தது.

1802-ல் பல்லாஸ், 1804-ல் ஜூனோ, 1807-ல் வெஸ்டா என்று அதே பகுதியில் மேலும் மூன்று கிடைத்தன. எல்லாவற்றையும் கோள்கள் என்றே எண்ணினார்கள். ஆக அந்தக் காலத்துப் பிள்ளைகள் படித்தது பதினொரு கோள்கள். அப்போது நான் வினாடி வினா நடத்தியிருந்தால், எட்டு என்றாலும் ஒன்பது என்றாலும் தவறுதான்.

1845-க்குப் பிறகு இப்படிப்பட்டவை வரிசையாகக் கிடைக்கத் தொடங்கின. ஆண்டுதோறும் பாடத்தை மாற்றி எழுத முடியுமா? எல்லாமே சிறியவை, எல்லாமே ஒரே பகுதியில் கூட்டமாகச் சுற்றுபவை. எனவே 1850-களில் இவற்றைத் தனியாகப் பிரித்து, சிறுகோள்கள் என்று வைத்தார்கள். கோள் என்ற பெயரை இழந்தது புளூட்டோ மட்டும் அல்ல. அதற்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே சீரிஸுக்கு அந்தக் கதி வந்துவிட்டது.

நுங்கம்பாக்கத்தில் கிடைத்த "ஆசியா"

இந்தக் கதையில் நம் சென்னைக்கும் பங்கு உண்டு. நுங்கம்பாக்கத்தில் இன்று வானிலை ஆய்வு மையம் இருக்கும் வளாகத்தில்தான் 1792 முதல் மெட்ராஸ் வானாய்வகம் இயங்கியது. அந்த ஆண்டைச் சொல்லும் கருங்கல் தூண் ஒன்று இன்னும் அங்கே நிற்கிறது. நார்மன் போக்சன் என்ற வானியலாளர் 1861-ல் அங்கே பொறுப்பேற்றார். வந்த சில வாரங்களில், ஏப்ரல் 17 அன்று, ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். ஆசியக் கண்டத்திலிருந்து கண்டுபிடிக்கப்பட்ட முதல் சிறுகோள் என்பதால் அதற்கு "ஆசியா" என்றே பெயர். பட்டியலில் அதன் எண் 67. அறுபது ஆண்டுகளுக்கு முன் கிடைத்திருந்தால் அதுவும் ஒரு கோளாக எண்ணப்பட்டிருக்கும்.

அதே வானாய்வகத்தில் பணியாற்றியவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. 1874 டிசம்பர் 9 அன்று சூரியனுக்குக் குறுக்கே வெள்ளி கடந்து சென்றபோது, அது என்ன நிகழ்வு என்று சாதாரண மக்களுக்கு விளங்கும்படி இந்திய மொழிகளில் சிறுநூல் வெளியிட்டார். நான் இப்போது உங்களுக்குச் செய்ய முயல்வதை, அவர் அன்றே இதே ஊரில் இருந்து செய்திருக்கிறார்.

கணக்கில் பிறந்த கோள், கணக்கில் பொய்த்த கோள்

இப்போது கொஞ்சம் பின்னால் போவோம். யுரேனஸ் கணக்கிட்ட இடத்தில் சரியாக வராமல் சற்றே விலகிக்கொண்டிருந்தது. வெளியே இருக்கும் ஏதோ ஒரு கோள் அதை இழுக்கிறது என்று பிரான்ஸில் லெவெரியேவும் இங்கிலாந்தில் ஆடம்ஸும் தனித்தனியாகக் கணக்குப் போட்டார்கள். லெவெரியே தன் கணக்கைப் பெர்லின் வானாய்வகத்துக்கு அனுப்பினார். 1846 செப்டம்பர் 23 இரவு, கால்லே என்பவர் டெலஸ்கோப்பைத் திருப்ப, சொன்ன இடத்துக்கு ஒரு பாகைக்குள்ளேயே நெப்டியூன் இருந்தது! ஆசியா கிடைத்த காலத்தில் எண்ணிக்கை எட்டாக நின்றதற்கு இதுவே காரணம்.

இதே லெவெரியே பின்னர் புதனின் பாதையிலும் சிறு பிசகு இருப்பதைக் கண்டார். அதே முறையில், புதனுக்கும் சூரியனுக்கும் இடையே இன்னொரு கோள் இருக்க வேண்டும் என்று 1859-ல் சொன்னார். அதற்கு வல்கன் என்று பெயரும் வைத்தார்கள். பல ஆண்டுகள் தேடினார்கள். அப்படி ஒரு கோளே இல்லை. 1915-ல் ஐன்ஸ்டைனின் புதிய ஈர்ப்புக் கொள்கைதான் புதனின் பிசகுக்கு விடை தந்தது. ஒருமுறை மாபெரும் வெற்றி தந்த அதே வழி, இன்னொரு முறை அதே மனிதரைக் கைவிட்டது. பிள்ளைகளுக்கு இந்த இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள்.

தாத்தாவும் பேத்தியும்

1930 பிப்ரவரி 18. அமெரிக்காவின் அரிசோனாவில் உள்ள லோவெல் வானாய்வகம். விவசாயக் குடும்பத்திலிருந்து வந்த கிளைட் டாம்பா என்ற 24 வயது இளைஞர், வேறு வேறு இரவுகளில் எடுத்த வானப் படங்களை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜனவரி மாதம் எடுத்த இரண்டு படங்களுக்கிடையே ஒரு புள்ளி மட்டும் இடம் மாறியிருந்தது. ஒன்பதாவது கோள்!

அந்தச் செய்தியை ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு தாத்தா காலைச் சாப்பாட்டு மேசையில் பேப்பரில் படித்துச் சொன்னார். அவருடைய 11 வயதுப் பேத்தி வெனிஷியா பர்னி, "அதற்கு புளூட்டோ என்று பெயர் வைக்கலாமே" என்றாள். தாத்தா அதைச் சின்னப் பிள்ளை பேச்சு என்று ஒதுக்கவில்லை. தனக்குத் தெரிந்த வானியல் பேராசிரியரிடம் சொன்னார். அவர் அமெரிக்காவுக்குத் தந்தி அடித்தார். பெயர் நிலைத்தது. இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் வெட்கமாகவே இருந்தது. நம் வினாடி வினாவிலும் 11 வயதுப் பிள்ளை ஒருத்தி சரியாகத்தான் சொன்னாள். நான் தாளைப் பார்த்தேனே தவிர அவளைக் கேட்கவில்லை.

2006-ல் என்ன நடந்தது?

பெரிய கோள் என்று தேடிப்போன புளூட்டோ, அளக்க அளக்கச் சிறுத்துக்கொண்டே வந்தது. அதன் குறுக்களவு சுமார் 2,377 கி.மீ. நம் நிலவின் குறுக்களவோ 3,474 கி.மீ. 1992 முதல் நெப்டியூனுக்கு வெளியே புளூட்டோவைப் போன்ற பனிப்பொருள்கள் நிறையக் கிடைக்கத் தொடங்கின. 2005-ல் ஏறக்குறைய புளூட்டோ அளவே உள்ள எரிஸ் அறிவிக்கப்பட்டது. சீரிஸின் கதை மறுபடியும்! எரிஸைப் பத்தாவது கோள் என்பதா? நாளை இன்னும் இருபது கிடைத்தால்?

"கோள்" என்றால் என்ன என்று அதுவரை யாரும் முறையாக வரையறுத்திருக்கவில்லை. 2006 ஆகஸ்ட் 24 அன்று பிராகா நகரில் கூடிய சர்வதேச வானியல் ஒன்றியம் வாக்கெடுத்து மூன்று நிபந்தனைகளை வகுத்தது. ஒன்று, சூரியனைச் சுற்ற வேண்டும். இரண்டு, தன் ஈர்ப்பாலேயே உருண்டை வடிவம் பெறும் அளவு நிறை வேண்டும். மூன்று, தன் பாதையில் போட்டிக்கு வேறு பொருள்கள் இல்லாதபடி அந்த வட்டாரத்தைத் தன் ஆதிக்கத்தில் வைத்திருக்க வேண்டும். மூன்றாவதில் புளூட்டோ தேறவில்லை. அது, சீரிஸ், எரிஸ் மூன்றும் குறுங்கோள்கள் என்ற புதிய வகையில் சேர்ந்தன. பிறகு ஹௌமியா, மேக்மேக் இரண்டும் சேர்ந்து இன்று ஐந்து.

இந்த முடிவை ஏற்காத விஞ்ஞானிகள் இன்றும் இருக்கிறார்கள். ஆனால் கவனியுங்கள்: ஓட்டுப் போட்டது பெயருக்குத்தான். புளூட்டோவில் ஒரு கல்கூட அதனால் நகரவில்லை. 2006 ஜனவரியில் நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் புறப்பட்டபோது புளூட்டோ ஒரு கோள். 2015 ஜூலை 14 அன்று அது போய்ச் சேர்ந்தபோது குறுங்கோள். விண்கலத்தில் டாம்பாவின் அஸ்தியில் ஒரு சிறு பகுதியும் இருந்தது. இதய வடிவில் பரந்த பனிச் சமவெளியையும் பனி மலைகளையும் அது படம்பிடித்து அனுப்பியது.

நம் காலனியில் ஒரு சூரியக் குடும்பம்

எட்டையும் மனப்பாடம் செய்வதைவிட நடந்து பார்ப்பது நல்லது. மெயின் கேட்டில் ஒரு மாதுளம்பழத்தை வையுங்கள். அதுதான் சூரியன். அங்கிருந்து 4 மீட்டரில் பொடி உப்பில் ஒரு துகள், புதன்: 88 நாளில் சூரியனைச் சுற்றிவிடும். 7 மீட்டரில் ஒரு ரவை, வெள்ளி: சுமார் 465 டிகிரி செல்சியஸ், எல்லாக் கோள்களிலும் சூடானது. 10 மீட்டரில் இன்னொரு ரவை, நம் பூமி. 15 மீட்டரில் மறுபடி ஓர் உப்புத் துகள், செவ்வாய்: மண்ணில் துரு கலந்திருப்பதால்தான் அதன் சிவப்பு. 52 மீட்டரில் ஒரு கொண்டைக்கடலை, வியாழன்: எல்லாவற்றிலும் பெரியது. 95 மீட்டரில் ஒரு காய்ந்த பட்டாணி, சனி: அதன் வளையங்கள் பெரும்பாலும் பனித்துண்டுகள். 192 மீட்டரில் ஒரு சிறிய மிளகு, யுரேனஸ்: படுத்தபடி உருளுவதுபோலச் சுழலும். 300 மீட்டரில் இன்னொரு மிளகு, நெப்டியூன்: ஒரு சுற்றுக்கு சுமார் 165 ஆண்டுகள். இதற்கு நீங்கள் காம்பவுண்டைத் தாண்டி ரோட்டில் நடக்க வேண்டியிருக்கும். பிள்ளைகளைத் தனியே அனுப்ப வேண்டாம்.

அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இதை நாம் சேர்ந்தே செய்யலாம் என்று சங்கத்தில் கேட்டிருக்கிறேன். நாள் முடிவானதும் நோட்டீஸ் போர்டில் போடுவார்கள். அன்றே, தவறவிட்ட அந்த ஒரு மதிப்பெண்ணையும் சேர்த்து இரண்டு அணிகளும் சமம் என்று அறிவித்து, அதே பரிசை அந்தச் சிறுமியின் அணிக்கும் என் செலவில் கொடுக்கப் போகிறேன். வென்ற அணி தன் பரிசைத் திருப்பித் தர வேண்டாம். அவர்கள் என் தாளை நம்பியவர்கள்.

அந்தத் தாளையும் தூக்கி எறியவில்லை. "ஒன்பது" என்பதை அடித்து "எட்டு" என்று எழுதி, பக்கத்தில் "2006 முதல்" என்று ஆண்டையும் குறித்து வைத்திருக்கிறேன். அடுத்த முறை யார் இந்தக் கேள்வியைக் கேட்டாலும், அதற்குள் மாறியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டுக் கேட்கட்டும்.